பன்னிரண்டு விநாடி

பதினெட்டு வருடங்களாகப் புனிதாவின் வேலை பார்ப்பதுதான். ஈப்போவுக்குப் பக்கத்தில், செமோர் ஊருக்கு வெளியே இருந்த தொழிற்சாலையில், பெல்ட்டில் வரும் பச்சை நிறச் சர்க்யூட் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பூதக்கண்ணாடி விளக்கின் கீழே வைத்து, ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா, ஏதாவது கால் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பாள். சரியென்றால் இடதுபக்கத் தட்டு. இல்லையென்றால் வலதுபக்கத் தட்டு. அந்தப் பலகைகள் எங்கே போகின்றன, எந்த இயந்திரத்துக்குள் போய் உட்காருகின்றன என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. ஒருமுறை சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு, தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்று பதில் வந்தது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தச் சூப்பர்வைசர் உண்மையிலேயே புரியாமல்தான் அப்படிக் கேட்டாள்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒரு தீபாவளி விடுமுறையில், பிஸ்கட் அளவுகூட இல்லாத ஒரு பலகையைப் புனிதா இணையத்தில் வரவழைத்தாள். வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மூன்றாம் நாள் அதில் ஒரு சின்ன விளக்கை மினுக்க வைத்தாள். அவள் சொன்ன நேரத்துக்கு எரிந்தது, சொன்ன நேரத்துக்கு அணைந்தது. அவ்வளவுதான். ஆனால் ஒரு பலகை என்ன செய்கிறது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளுக்குத் தெரிந்தது.

அதன் பிறகு விடவில்லை. ஸ்டோர் ரூமில் அரிசி டின்னுக்கும் காலியான சமையல் கேஸ் தோங்குக்கும் நடுவில் ஒரு பழைய பள்ளிக்கூட மேசையைப் போட்டுக்கொண்டாள். கூரைக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் அவளுடைய கைப்பேசி ஒலித்தது. காயப்போட்ட துணிமேல் முதல் மழைத்துளி விழுந்ததும் சமையலறையில் மணி அடித்தது. முன் கேட் பொத்தானை அழுத்தினால் திறந்துகொண்டது. சமயத்தில் இடி இடித்தாலும் திறந்துகொண்டது. அவள் கணவன் தனேஸ்வரன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவன். சாப்பிட்டுக்கொண்டே சுற்றிலும் பார்த்து, இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் எத்தனை சாமான் பேசிக்கொண்டிருக்கிறது என்பான். அவனுக்கு அதில் பெருமையும் இருந்தது, கேட் திறந்து கிடந்த நாட்களைத் தவிர.

புனிதாவின் அண்ணன் உடையப்பன் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுங்கை சிப்புட் ஊரைத் தாண்டி உள்ளே இருந்த ஹெட்டன் தோட்டத்தில்தான் இருவரும் பிறந்தார்கள். ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபிறகு எல்லாரும் கிளம்பிப் போனார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பழைய லயத்தில் ஆறு குடும்பங்கள் மட்டும் மிச்சம். அதில் கடைசி வீடு உடையப்பனுடையது. பக்கத்துச் சிறுநகரத்தில் வீடு வீடாகப் போய் மெசினால் புல் வெட்டிக்கொண்டிருந்தார். பொத்தான் வைத்த பழைய கைப்பேசி ஒன்று வைத்திருந்தார். பெரும்பாலும் அது அணைந்தே கிடக்கும்.

அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் காலை குளியலறையில் மயங்கி விழுந்து, மத்தியானம்வரை அப்படியே கிடந்தார். பக்கத்து வீட்டு ராக்காயி அக்காதான் பார்த்துவிட்டுப் புனிதாவுக்குப் போன் போட்டாள். செமோருக்கு வந்து எங்களோடு இருங்கள் என்று புனிதாவும் தனேஸ்வரனும் எவ்வளவோ சொன்னார்கள். தாமான் குடியிருப்பு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார என்னால் ஆகாது என்று ஒரே பேச்சாக மறுத்துவிட்டார்.

அதன் பிறகு சில மாதங்கள் ராக்காயி அக்கா இரண்டு நாளுக்கு ஒருமுறை போன் செய்தாள். அண்ணன் சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்பது கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் மழை, குரங்கு, பைப்பில் தண்ணீர் வராதது, மருமகள் பேசாதது எல்லாம் வரும். தொழிற்சாலை வேனில் கண் சொருகச் சொருகப் புனிதா கேட்டுக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அண்ணன் எழுந்ததும் முதல் வேலையாக எலக்ட்ரிக் கெட்டிலில் தண்ணீர் சுடவைப்பார். நாற்பது வருடப் பழக்கம்; காலை ஐந்து ஐம்பது வாக்கில். கெட்டிலின் வயர் வழியாக மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சின்னப் பெட்டி போதும். அதற்குள் ஒரு சிம் கார்டைப் போட்டுவிட்டால் அது தானே செய்தி அனுப்பும். ஒரு மாதம் உட்கார்ந்து செய்தாள். பத்து விநாடிக்கு மேல் மின்சாரம் ஓடினால் செய்தி போகும்; போனதும் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு மினுக்கும். அவள் கைப்பேசிக்கு ‘அண்ணன் எழுந்தாச்சு’ என்று வரும். எவ்வளவு நேரம் ஓடியது என்ற கணக்கும் அவள் மடிக்கணினியில் ஒரு கோப்பில் சேர்ந்துகொண்டே போகும். அதற்கும் நிரல் எழுதி வைத்தாள். என்றைக்காவது வரைபடமாகப் போட்டுப் பார்க்கலாம் என்று.

அண்ணனிடம் உண்மையைச் சொல்லவில்லை. இடி மின்னலுக்குக் கெட்டில் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு பெட்டி என்று சொல்லி மாட்டினாள். அவர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சரி என்றார்.

செய்தி தினமும் காலையில் வேனுக்குக் காத்திருக்கும்போது வந்துவிடும். தொழிற்சாலைக்குள் நுழையும்போது கைப்பேசியை லாக்கரில் பூட்டிவிட வேண்டும். அதற்குள் வந்துவிட்டால் அன்றைய நாள் நிம்மதி. வராவிட்டால் அந்த நாள் முழுக்கப் பலகைகள் அவள் கண்ணில் படாது. மாலை வேனில் வீடு வந்ததும் காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓட்டுவாள். மழைக்கு சிக்னல் போயிருக்கும், இல்லை கரண்ட் போயிருக்கும். அண்ணன் வாசலில் உட்கார்ந்து மெசினின் பிளேடைத் தேய்த்துக்கொண்டிருப்பார். என்ன புள்ள, இந்த நேரத்தில் என்பார். சும்மா வந்தேன் என்பாள். அப்படி அந்த வருடம் பதினைந்து தடவையாவது ஓடியிருப்பாள்.

பெட்டி வந்த பிறகு ராக்காயி அக்காவின் போன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு நின்றே போனது. புனிதா அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு, உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றுதான் இருந்தது.

இந்த வருடம் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். இரண்டு பேர் பார்த்த பலகைகளை ஒருத்தியாகப் பார்க்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்தால் ஸ்டோர் ரூம் பக்கம் போகவே கால் வராது. துணிகாயும் இடத்து மணி பழுதாகி எந்நேரமும் அடிக்க ஆரம்பித்தபோது, திறந்து பார்க்கப் பொறுமையில்லாமல் பேட்டரியைக் கழற்றி வைத்தாள். தோட்டத்துக்குப் போவதும் குறைந்தது. தினமும் செய்தி வந்துகொண்டிருந்தது. சில வாரங்களாக ஒருநாள்கூடத் தவறவில்லை. முன்பெல்லாம் ஐந்து ஐம்பதுக்கு முன்னே பின்னே வரும். இப்போது கடிகாரம் மாதிரி வந்தது. அண்ணன் நன்றாக இருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பல வாரங்களுக்குப் பிறகு அந்த மேசையில் போய் உட்கார்ந்தாள். புதிதாக எதையும் செய்யும் தெம்பு இல்லை. பழைய கோப்புகளைச் சுத்தம் செய்யலாம் என்று மடிக்கணினியைத் திறந்தாள். கெட்டிலின் கோப்பு கண்ணில் பட்டது. இவ்வளவு நாள் சேர்ந்ததை ஒரு படமாகப் போட்டால் எப்படி இருக்கும் என்று விளையாட்டாகத்தான் போட்டாள்.

கோடு ஒரு வருடத்துக்கு மேல் நான்கு நிமிடத்தை ஒட்டியே ஓடியது. அரைக் கெட்டில் தண்ணீர் கொதிக்க அவ்வளவு நேரம் ஆகும். பிறகு ஓர் இடத்தில் சட்டென்று கீழே விழுந்திருந்தது. விழுந்தது எழவேயில்லை. அவள் எண்களைத் திறந்து பார்த்தாள். பன்னிரண்டு விநாடி. பதின்மூன்று. பன்னிரண்டு. பன்னிரண்டு. பத்தொன்பது நாட்களாக அப்படியே இருந்தது.

முதலில் தன்னுடைய பெட்டியைத்தான் சந்தேகப்பட்டாள். வயர் தளர்ந்திருக்கும், சென்சார் சூடேறியிருக்கும் என்று யோசித்தாள். ஆனால் பெட்டி பழுதானால் எண்கள் தாறுமாறாக வரும். தினமும் ஒரே மாதிரி வராது. பன்னிரண்டு விநாடியில் எந்தத் தண்ணீரும் கொதிக்காது. யாரோ சுவிட்சைப் போட்டு, பச்சை விளக்கு மினுக்கும்வரை காத்திருந்து, அணைத்திருக்கிறார்கள்.

தனேஸ்வரன் ஹாலில் படுத்திருந்தான். அவள் சொன்னது அவனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுத்தான். வழியில் இரண்டு தடவை அண்ணனின் எண்ணுக்கு அழைத்தாள். அணைந்திருந்தது. ராக்காயி அக்காவின் எண்ணைத் தேடினாள். கைப்பேசி மாற்றியபோது அது விட்டுப்போயிருந்தது.

லயத்தில் கடைசி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது; தாழ் போடவில்லை. உள்ளே போனதும் ஒரு வாடை அடித்தது. உடையப்பன் கட்டிலில் படுத்திருந்தார். இடது காலைக் கிழிந்த சாரத்துணியால் கணுக்கால்வரை சுற்றியிருந்தார். துணி பழுப்பாக ஊறியிருந்தது. நெற்றி கொதித்தது. சமையலறையில் இருக்க வேண்டிய கெட்டில், நீள வயர் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு ஸ்டூல்மேல் இருந்தது. அதற்குள் தண்ணீரே இல்லை. பெட்டி அதன் பக்கத்திலேயே ஒழுங்காகச் சொருகியிருந்தது.

அவர் கண்ணைத் திறந்து, மாப்ளயும் வந்திருக்காரா என்று கேட்டார். டீத்தண்ணி கலக்கிக் கொடு என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

சத்தம் கேட்டு ராக்காயி அக்கா ஓடிவந்தாள். புல் வெட்டும்போது கல் தெறித்துக் காலில் பட்டதாகவும், சின்னக் காயம்தான் என்று அவர் மஞ்சள் வைத்துக் கட்டியதாகவும், பிறகு நடக்க முடியாமல் போனதாகவும் சொன்னாள். காலையும் மாலையும் அவள்தான் கஞ்சி கொண்டுவந்து வைத்திருக்கிறாள். கிளினிக்குக்குப் போகலாம் என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும், தங்கச்சி வந்து கூட்டிக்கிட்டுப் போகும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

“எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே அக்கா,” என்றாள் புனிதா.

ராக்காயி திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள். “ஒனக்குத் தெரியும்னுல்ல நான் இருந்தேன். அந்தப் பொட்டி எல்லாத்தையும் ஒனக்குச் சொல்லிருதுன்னு உங்கண்ணன்தான் சொன்னிச்சு. எந்திரிக்கிறது, படுக்கிறது, எல்லாமேன்னு. நானா போன் பண்ணி எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்லா. நீ வரலையேன்னு எனக்கே மனசுக்குள்ள ஒரு மாதிரியாத்தான் இருந்திச்சு.”

தனேஸ்வரன் குனிந்து மச்சானைத் தூக்கினான். இவ்வளவு எடை குறைந்திருப்பார் என்று எதிர்பார்க்காததால், தூக்கிய வேகத்தில் அவனே ஒரு அடி பின்னால் போனான்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். புனிதா சம்பளமில்லா விடுப்பு எடுத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். வார்டில் எட்டுக் கட்டில்கள் இருந்தன. எதிர்க் கட்டில் சீனக் கிழவர் வானொலியைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் தூங்கினார், விழித்தார், மறுபடி தூங்கினார். கேட்க வேண்டியதை அவள் நான்கு நாட்கள் தள்ளிப்போட்டாள். கோபம் எல்லாம் முதல் நாளே தீர்ந்துவிட்டிருந்தது. கேட்பதற்கே அலுப்பாக இருந்தது.

ஐந்தாம் நாள் அவராகவே பேச்சை எடுத்தார். பெட்டி மாட்டிய இரண்டாம் மாதமே அதைத் திறந்து பார்த்ததாகச் சொன்னார். உள்ளே சிம் கார்டு இருந்ததாம். இடி மின்னலுக்கு சிம் கார்டு எதற்கு என்று யோசித்தாராம். பிறகு பச்சை விளக்கு மினுக்காத நாட்களில் எல்லாம் சாயங்காலம் அவள் வந்து நிற்பதைக் கவனித்திருக்கிறார்.

“தெரிஞ்சதும் என்கிட்ட சண்டை போட்டிருக்கலாம்ல அண்ணே,” என்றாள்.

“எதுக்கு? நீ கஷ்டப்பட்டுச் செஞ்ச சாமான்.” அவர் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார். “ஒருநாள் நீ வந்தப்ப நான் கொல்லையில இருந்தேன். வெளிய வந்து பார்த்தா, நீ காடியில ஸ்டீரிங்கிலேயே தலைய வச்சுத் தூங்கிக்கிட்டு இருக்க. வாயி தொறந்து. யூனிபாரத்தோட. எழுப்ப மனசு வரல. ஒரு மணி நேரம் பக்கத்துல நின்னேன். அப்புறமா நீயே எந்திரிச்சு, இப்பதான் வந்தேன்னு சொன்ன.”

புனிதாவுக்கு அந்த நாள் நினைவில் இல்லை. அப்படித் தூங்கிய நாட்கள் நிறைய இருந்தன.

“கால் முடியாமப் போனதும் மொதல்ல அதான் ஞாபகம் வந்திச்சு,” என்றார் அவர். “விளக்கு மினுக்குனா நீ அன்னைக்கு வீட்டுல படுப்ப. ரெண்டு மூணு நாள்ல ஆறிரும்னு நெனச்சேன். அப்புறம் நாளு போனதே தெரியல.”

“நான் வந்திருப்பேன்.”

“வந்திருப்ப. அதான் சொல்றேன்.”

அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினாள். திரும்பி வந்தபோது அவர் தூங்கியிருந்தார். அந்தப் பத்தொன்பது நாட்களும் கோப்பு அவளுடைய மேசையில்தான் இருந்தது. திறந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும். வேலையில் ஒரு நாளைக்கு ஆயிரம் பலகைகளைப் பார்க்கிறாள். இது ஒன்றைப் பார்க்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் இதை அவள் தனேஸ்வரனிடம் சொன்னபோது, அவன் காரை ஓரம்கட்டினான். இறங்கிப்போய் இரண்டு கிளாஸ் தே தாரிக் டீ வாங்கிவந்தான். குடித்து முடித்த பிறகு, ராக்காயி அக்காவும் பார்த்தாள், நானும் அந்த வழியாக இரண்டு தடவை லாரி ஓட்டினேன், எல்லாரும்தான் விட்டோம் என்றான்.

உடையப்பன் இரண்டரை மாதம் செமோரில் இருந்தார். புண் கழுவுவதற்கு வாரம் மூன்று நாள் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். காலையில் ஐந்து ஐம்பதுக்கு எழுந்து சமையலறையில் சத்தமில்லாமல் நடமாடப் பார்ப்பார், ஊன்றுகோல் காட்டிக்கொடுத்துவிடும். பகலில் ஸ்டோர் ரூமில் போய் உட்கார்ந்து, மேசையில் கிடப்பதை எல்லாம் எடுத்துப் பார்ப்பார். எதையும் இடம் மாற்றி வைத்ததில்லை. மூன்றாவது மாதம் நடக்க முடிந்ததும், போகலாம் என்றார். இந்த முறை யாரும் தடுக்கவில்லை. புல் மெசினை விற்றுவிடச் சம்மதித்தார். அதுவே பெரிது என்றான் தனேஸ்வரன்.

தோட்டத்துக்குக் கொண்டுபோய் விட்ட அன்று புனிதா கெட்டிலைச் சமையலறையில் பழைய இடத்தில் வைத்தாள். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு விநாடியைக் கண்டுபிடிக்கும்படி அதை மாற்றுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபோதே அதை எப்படிச் செய்வதென்று மனம் கணக்குப் போட்டு முடித்திருந்தது. இதை மாட்டட்டுமா அண்ணே என்று முதல்முறையாக அவரிடம் கேட்டாள்.

அவர் யோசித்தார். “வாணாம் புள்ள,” என்றார். “அது இருந்தா நான் மறுபடியும் ஏமாத்துவேன்.”

அவள் பெட்டியைப் பைக்குள் போட்டாள். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய், ராக்காயி அக்காவின் எண்ணைத் தன் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டாள். தன்னுடைய எண்ணை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி அவள் வீட்டு பிரிட்ஜில் ஒட்டினாள். எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள், குரங்கு வந்தாலும் கூப்பிடுங்கள் என்றாள். அப்படிச் சொல்லாதே, தினமும் வருது என்றாள் ராக்காயி. அதன்படியே அடுத்த வாரமே, புனிதா வேனில் போகும்போது ராக்காயி போன் போட்டு அரைமணி நேரம் பேசினாள். அண்ணன் மாத்திரை போட்டாரா என்று கடைசிவரை சொல்லவில்லை. புனிதாவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வேனில் போடும் தூக்கம் கெட்டதுதான்.

கொண்டுபோய் விட்ட அன்று அவள் கிளம்பும்போது உடையப்பன் அவளைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தது. நடுவில் இரண்டு படிகள். விரல் இல்லாத காலுக்குப் படியின் விளிம்பு தெரிவதில்லை என்றார். விடிவதற்கு முன்னால் போனால் இருட்டு. கையில் ஊன்றுகோல் இருப்பதால் டார்ச் பிடிக்க முடியாது.

“ஆளு நடந்தா தானா எரியிற மாதிரி ஒரு லைட்டு ஒன்னால செய்ய முடியுமா?” என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை. முடியும் என்றாள். அடுத்த ஞாயிறு கொண்டுவருகிறேன் என்றாள்.

“அவசரமில்ல. ரெண்டு ஞாயிறு போகட்டும்.”

மூன்று ஞாயிறு ஆனது. முதல் ஞாயிறு முழுக்கத் தூங்கினாள். இரண்டாவது ஞாயிறு ஓவர்டைம். மூன்றாவது ஞாயிறு தனேஸ்வரன் ஏணியைப் பிடிக்க, கொல்லைச் சுவரில் விளக்கை மாட்டினாள். சென்சார் அவ்வளவு நல்லதில்லை. பூனை போனாலும் எரிகிறது, காற்றில் வாழையிலை ஆடினாலும் எரிகிறது என்று ராக்காயி அக்கா வழியாகச் செய்தி வந்தது. சரிசெய்ய வரட்டுமா என்று அவள் அண்ணனின் எண்ணுக்கு அழைத்தாள். அதிசயமாக அவர் எடுத்தார். எரிந்துவிட்டுப் போகட்டும், படி தெரிகிறது, அதுபோதும் என்றார்.